உன்னை நம்பாத பிசியோவிடம் போ

பொடிசு,

போனில் சொன்னால் "ஓகேம்மா, ஓகேம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, அப்படி இப்படித்தான் இருக்கும். பொறுத்துக்கொண்டு படி. நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். ஹாலில் கதவிலிருந்து சுவர் வரைக்கும் தடி இல்லாமல் நடக்கிறாய். நல்லாத்தான் நடக்கிறாய். ஆனால் சுவர்கிட்ட வந்து திரும்புகிற நேரம் பார்த்து வீடியோ நின்றுபோகிறது. என் போன்தான் மக்கர் பண்ணுகிறது என்று நினைத்து, பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "போன் நல்லாத்தான் இருக்கு ஆன்ட்டி, அண்ணன் அனுப்பினதே இவ்ளோதான்" என்றாள். வீட்டுக்கு வந்து மறுபடியும் பார்த்தேன். திரும்பும்போது எதையடா பிடித்தாய்? மேசையையா, உன் பெண்டாட்டி தோளையா? நடந்ததைக் காட்டினவன் திரும்பினதை ஏன் வெட்டினாய்?

சந்தேகம் எனக்குப் பிறவிக்குணம் என்று உங்கப்பா சொல்வார். பசாரில் மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன், அதோடு விடாமல் மீன்காரன் முகத்தையும் பார்ப்பேன் என்று கேலி செய்வார். இருக்கட்டும். நீ மோட்டர் சைக்கிளிலிருந்து விழுந்து, தொடை எலும்பில் கம்பி வைத்து, ஜொகூரில் அந்த பிசியோகாரரிடம் போக ஆரம்பித்ததிலிருந்து ஒரே பாட்டுத்தான். "ரொம்ப நல்லவரும்மா. வலிக்கவே வலிக்காது. அடுத்த மாசம் வேலைக்குப் போலாம்னு சொல்லிட்டாரு." எந்த வேலைக்கு? உட்கார்ந்து எழுதுகிற வேலைக்கா? ஜொகூரிலிருந்து பாலம் தாண்டிப் போய்ச் சிங்கப்பூர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன் நீ. ஒரு நாள் அதன் காலடியில் நின்று போட்டோ பிடித்து அனுப்பினாயே, ஏணி மேலே போய்ப் போய்க் கண்ணுக்கே தெரியாமல் போனது. அந்த ஏணியைப் பற்றி அந்த நல்லவர் ஒரு வார்த்தை கேட்டாரா என்றேன். "அதெல்லாம் அவருக்கு எதுக்கும்மா" என்றாய். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. உங்கப்பா போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. பாதி ஆறின காலோடு நீ அந்த ஏணியில் ஏறுவதை நினைத்தால் எழுந்து விளக்கைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறேன். அதனால் ஒரு நல்ல பிசியோ எப்படி இருப்பார், எப்படி இருக்க மாட்டார் என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

உனக்கு எப்படித் தெரியும், நீ என்ன டாக்டரா என்பாய். நான் கால் முன்னே வந்து பிறந்தவள். தலை வர வேண்டிய இடத்தில் என் பாதம் வந்ததாம். அப்படிப் பிறந்தவர்கள் காலால் நீவிவிட்டால் இடுப்புப் பிடிப்பு போய்விடும் என்று நம் ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. அதனால் எனக்கு விவரம் தெரிந்ததிலிருந்தே லயத்து ஆட்கள் எங்கள் வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்துக்கொள்வார்கள். நான் ஏறி நின்று முதுகிலிருந்து கீழே காலால் நீவ வேண்டும். ரப்பர் பால்மரம் வெட்டுகிற பொம்பளைகள் வருவார்கள், அவர்களை வேலை வாங்குகிற மண்டோர் வருவார். எஸ்டேட் லோரி ஓட்டின ஒருவர் வாராவாரம் வருவார். நல்ல கனத்த உடம்பு. நீவி முடித்ததும் எழுந்து உட்கார்ந்து, "போச்சு தாயி, போயே போச்சு. ஒன் கால்ல மாரியாத்தா இருக்கா" என்பார். எனக்குப் பெருமை தாங்காது. மறுநாள் காலை பள்ளிக்குப் போகிற வழியில் பார்த்தால், லோரிக் கதவைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, ஒரு காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டிருப்பார். என்னைக் கண்டதும் சிரித்து, "போச்சு தாயி" என்று இன்னொரு தடவை சொல்வார்.

அந்த வயதிலேயே ஒன்று புரிந்துபோனது. வைத்தியம் பார்க்கிறவர் மனசு நோகக் கூடாது என்று நோவுக்காரர் பொய் சொல்வார். மரியாதைக்குச் சொல்கிற பொய். அதைக் கேட்க எவ்வளவு இனிப்பாக இருக்கும் என்று, கேட்டு வளர்ந்த எனக்குத் தெரியும். பெரியவளானதும் யார் வந்து கூப்பிட்டாலும் காலால் நீவ மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். திமிர் பிடித்தவள் என்றார்கள். சொல்லட்டும். "நல்லாயிருக்கு" என்று கேட்டவுடனே முகம் மலர்கிற வைத்தியக்காரரைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பயம்தான்.

உங்கப்பா அந்த லோரிக்காரரையும் மிஞ்சினவர். காலையில் பெரட்டில் பேர் கூப்பிடும்போது உடம்புக்கு முடியவில்லை என்று சொன்னால், அன்றைக்கு வேலை இல்லை, கூலியும் இல்லை. அப்படிப் பழகின வாய். செம்பனைக் குலை தோளில் உரசி விழுந்து சட்டையெல்லாம் ரத்தமான அன்றைக்கும் "ஓகே லா மண்டோர்" என்றுதான் சொல்லியிருக்கிறார். கூட வேலை செய்தவர்கள் சொல்லித்தான் எனக்கே தெரியும். பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்த பிறகும் அந்த வாய் மாறவில்லை. நீ போன் பண்ணிக் கேட்டபோதெல்லாம் உனக்கும் அதைத்தான் சொன்னார். நீயும் நம்பினாய். இப்போது அதே பேச்சை உன் வாயிலிருந்து கேட்கிறேன்.

முதலில் டவுனில் ஒரு சென்டருக்குக் கூட்டிப்போனேன். நம்ம தமிழ்ப் பையன்தான், சிரித்த முகம். உள்ளே போனதும் "வாங்க அங்கிள்" என்று கையைப் பிடித்து உட்கார வைப்பான். சூடு பையை வைப்பான். கையிலும் காலிலும் என்னவோ ஒட்டி கரண்ட் விடுவான், விரல் தானாகத் துள்ளும். அதைப் பார்த்து உங்கப்பாவுக்குச் சின்னப்பிள்ளை மாதிரி சந்தோஷம். ஒட்டிவிட்டு அவன் திரைக்கு அந்தப் பக்கம் போய்விடுவான். அங்கே ஒரு கழுத்து வலிக்காரர், அதற்கடுத்து ஒரு முட்டி வலிக்காரம்மா. மூன்று பேருக்கும் அதே சூடு பை, அதே கரண்ட். முடிந்ததும் வந்து, "எப்படி அங்கிள்?" என்பான். "ஓகே தம்பி. நல்லாருக்கு." "பாத்தீங்களா ஆன்ட்டி, அங்கிள் சூப்பரு."

ஒரு நாள் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "தம்பி, இவர ஒரு தரம் நடக்க வுட்டுப் பாருங்களேன்" என்றேன்.

"அதெல்லாம் மிஷின் பாத்துக்கும் லா ஆன்ட்டி."

"மிஷினுக்குக் கண்ணு எங்கப்பா இருக்கு?"

உங்கப்பா என்னை முறைத்தார். அந்தப் பையன் சிரித்து, "ஆன்ட்டி நல்லா ஜோக் அடிக்கிறாங்க" என்றான். எப்போது நிறுத்தலாம் என்று கேட்டதற்கும், "வந்துக்கிட்டே இருங்க" என்பதுதான் பதில். அவன் கெட்டவன் என்று சொல்லவில்லை பொடிசு. அவனிடம் போனால் சுகமாகத்தான் இருந்தது. ஆனால் சுகம் வேறு, குணம் வேறு. தன்னை விட்டு நீ போகிற நாளைப் பற்றிப் பேசாதவரை நான் நம்ப மாட்டேன். உன் ஆளிடம் அதைக் கேட்டுப் பார். என்ன சொல்கிறார் என்பதைவிட எவ்வளவு நேரம் யோசிக்கிறார் என்று பார்.

பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம், அங்கே பிசியோ பார்க்க ஒரு பெண் வந்தாள். கிளந்தான்காரப் பிள்ளை, தலையை மூடித் தூடோங் போட்டிருப்பாள், மெலிந்த உடம்பு. எனக்கு முதல் பார்வையிலேயே பிடிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உங்கப்பாவைச் சட்டையைக் கழற்றி மறுபடி போடச் சொன்னாள். அவர் திணறுகிறார், இவள் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். நான் உதவி செய்யப் போனேன், கையைக் காட்டித் தடுத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தொட்டா கை அழுக்காயிடும் போலருக்கு மகாராணிக்கு" என்று உங்கப்பாவிடம் தமிழில் சொன்னேன். அவள் திரும்பிப் பார்த்து, "மக்சிக், தமிழ் கொஞ்சம் கொஞ்சம் தெரியும்" என்றாள். அதையும் தமிழில் சொன்னாள். உங்கப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். வாய் ஒரு பக்கம் கோணினதிலிருந்து அவர் சிரிக்காமலே இருந்தார். நானோ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்கப்புறம் அவள் மலாயில்தான் பேசினாள், நான் நம் பேச்சில் எழுதுகிறேன்; டவுன் பையனுக்கு ஆன்ட்டி, அங்கிள் என்றால் இவளுக்கு மக்சிக், பக்சிக். "வீட்டுல நடக்கிறீங்களா பக்சிக்?" "நடக்கிறேன், ஓகே." "எடது கால நல்லாத் தூக்கி வைக்கிறீங்களா?" "ஓகே, ஓகே." அவள் சரி என்று தலையாட்டவில்லை. "செருப்பக் கொஞ்சம் கழட்டுங்க" என்று சொல்லி, இரண்டையும் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். இடது செருப்பின் முன்நுனி மட்டும் தேய்ந்து நூல் நூலாக இருந்தது. அதை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். உங்கப்பா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அப்போதும் கோபம்தான், என் புருஷனைப் பொய்யன் என்கிறாளே என்று. ஆனால் பஸ்ஸில் வரும்போது யோசித்துப் பார்த்தேன். மீன்காரன் முகத்தைப் பார்க்கிறவள் நான் மட்டும் இல்லை போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்து பார்க்கிறேன் என்றாள். நான் சும்மா விடுவேனா. வீட்டைக் கழுவி, உங்கப்பாவுக்குப் பவுடர் போட்டு, விபூதி வைத்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, பெண் பார்க்க வருகிற மாதிரி நாற்காலியில் உட்கார வைத்தேன். அவர் தள்ளிக்கொண்டு நடக்கிற சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் பின்னால் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் ஒளித்துவைத்தேன். நம்மைச் சரியாகப் பார்த்துக்கொள்ளாத குடும்பம் என்று ஆஸ்பத்திரியில் எழுதிவிடக் கூடாதே. அவள் வந்தாள், தேத்தண்ணி குடித்தாள், தரையைப் பார்த்தாள். "அந்த நாக்காலி எங்க மக்சிக்?" என்றாள். எந்த நாற்காலி என்றேன். படுக்கையறையிலிருந்து ஒதுங்கப் போகிற ஜாம்பான் வரைக்கும் தரையில் நீளமாகக் கீறல் விழுந்திருப்பதைக் காலால் காட்டினாள். போய் எடுத்து வந்தேன், கோழி எச்சத்தோடு. "மக்சிக், நல்லா இருக்கிற எடத்தப் பாக்க நான் வரல" என்றாள். நம் ஆட்கள் எல்லோரும் செய்கிறது இது. டாக்டர் வருகிறார் என்றால் நோயை ஒளித்துவைத்துவிட்டு நோயாளியைக் காட்டுவோம். நீ வீடியோவை வெட்டினதும் இதுதானே?

அவளிடம் வலிக்காமல் ஒரு நாளும் போகவில்லை. ஆனால் முன்கூட்டியே சொல்வாள்: "நாளைக்குக் காலையில சக்கிட் இருக்கும், மத்தியானத்துக்குள்ள கொறையணும். கொறையலன்னா என் தப்பு, எனக்குச் சொல்லணும்." என் தப்பு என்று சொன்ன வைத்தியக்காரியை நான் அதுவரை பார்த்ததில்லை. ஒரு நாள் உங்கப்பாவுக்குக் கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருந்தது. பயிற்சியே வேண்டாம், இது என் வேலை இல்லை என்று தள்ளுவண்டியில் வைத்து அவளே டாக்டரிடம் தள்ளிக்கொண்டு போனாள். உனக்கும் கம்பி வைத்த கால், வீங்கினால் தேய்த்துவிடச் சொல்லாதே, டாக்டரிடம் ஓடு. உன் ஆளும் அதைத்தான் சொல்ல வேண்டும். சொல்லாமல் எண்ணெய் எடுத்தால் எழுந்து வந்துவிடு.

வீட்டுக்கு வந்த அன்றைக்கு இன்னொன்றும் செய்தாள். "மக்சிக், நீங்க கொஞ்சம் அடுப்படியில இருங்க, நான் பக்சிக்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள். என் வீட்டில் என்னை வெளியே போகச் சொல்கிறாள். போனேன். பாத்திரம் கழுவுகிற மாதிரி தண்ணீரைத் திறந்துவிட்டு, பிறகு மூடிவிட்டுக் காதைக் கொடுத்தேன். அவள் ஒன்றுதான் கேட்டாள். "கால் சரியானா என்ன செய்யணும்னு இருக்கு பக்சிக்?" அவர் ஓகே என்று சொல்லவில்லை. பேசினார். மெதுவாக, மலாயில், நெடுநேரம். கோணின வாயில் முனகலாக வந்த பேச்சு, அடுப்படியிலிருந்து ஒரு வார்த்தைகூட எனக்குப் பிடிபடவில்லை. இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணி நான் அவரை அவ்வளவு நேரம் பேச வைத்ததில்லை.

அன்றிலிருந்து பயிற்சி மாறிப்போனது. பின்வாசல் படி போதாது என்று அதன்மேல் கனத்த பலகை போட்டு ஆணி அடிக்கச் சொன்னாள். கதவுச் சட்டத்தில் நெட்டாக ஒரு இரும்புக் கம்பி வைக்கச் சொன்னாள். வலது கையால் கம்பியைப் பிடித்து, நல்ல காலை முதலில் தூக்கி, உடம்பை இழுத்து ஏற வேண்டும். தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் அரிசி. பை எதற்கு என்று கேட்டேன். "பக்சிக்குத் தெரியும்" என்றாள். உங்கப்பாவைக் கேட்டேன். "ஒனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்றார். நான் கை கொடுக்கப் போனால் தட்டிவிடுவார். வேர்க்க வேர்க்க ஏறுவார், இறங்குவார். இறங்கும்போது கெட்ட கால் முதலில். கடைசி வாரத்தில் நாற்காலியை ஒதுக்கிவிட்டு ஏறி நின்று, வாசலில் உடம்பு நிமிர்ந்து, வெளியே செம்பனைக் காட்டைப் பார்த்தார். நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். என்னைக் கூப்பிடவில்லை. அப்புறம் ஒரு மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நீ வந்து கொள்ளி வைத்துவிட்டுப் போனாய்.

பதினாறு முடிந்த பிறகு அந்தப் பிள்ளை வந்தாள். வாசலிலேயே நின்று அழுதாள். உட்கார வைத்து, தேத்தண்ணி கொடுத்து, நேராகவே கேட்டேன். அன்றைக்கு அவர் உன்னிடம் என்ன சொன்னார்?

"ரயில் ஏறணும்னு சொன்னாரு மக்சிக். கெமாஸ்ல. ஒத்தையில ஏறணும், யாரும் கையப் பிடிக்கக் கூடாதுன்னாரு. படி எவ்ளோ ஒசரம், பிடிக்கிற கம்பி எந்தப் பக்கம், பை எந்தத் தோள்ல, எல்லாம் சொன்னாரு. நானே ஸ்டேஷனுக்குப் போய்ப் படிய அளந்துட்டு வந்தேன்."

"எங்க போறதுக்கு?"

"கேட்டேன். சிரிச்சாரு. அத மட்டும் சொல்லல."

அவள் முகத்தைப் பார்த்தேன். பொய் இல்லை. பொய் சொல்கிறவளாக இருந்தால் என் மனசு ஆறட்டும் என்று ஒரு ஊர்ப் பெயரைச் சேர்த்துச் சொல்லியிருப்பாள்.

பொடிசு, நீ இப்போது செய்ய வேண்டியது இதுதான். அடுத்த தடவை போகும்போது அந்த ஏணி போட்டோவை எடுத்துக்கொண்டு போ. அதை அந்த நல்லவர் முன்னால் வைத்து, இதில் ஏறணும் என்று சொல். திரும்பும்போது எதைப் பிடிக்கிறாய் என்று காட்டு. எங்கே வலிக்கிறது என்று சொல். எனக்குச் சொல்ல வேண்டாம், நான் கேட்க மாட்டேன். உங்கப்பா என்னிடம் சொல்லாததை அந்தப் பிள்ளையிடம் சொன்னார், அதை நான் முழுங்கிக்கொண்டேன், உன்னுடையதையும் முழுங்கிக்கொள்வேன். அவர் போட்டோவைப் பார்த்துவிட்டு ஓகே ஓகே என்றால், வேறு ஆளைத் தேடு. அந்தப் பிள்ளை மாதிரி எழுந்து போய்ப் படியை அளந்து பார்க்கிற ஆளாக இருந்தால், அவர் போகலாம் என்று சொல்கிற வரைக்கும் அந்த ஏணியில் கால் வைக்காதே. வேலை காத்திருக்கும். காத்திருக்காவிட்டால் போகட்டும்.

பின்வாசல் பலகையை நான் இன்னும் எடுக்கவில்லை. பால் ஊற்ற வந்தவர்கள் தடுக்கி விழப் போனார்கள், எடுக்கச் சொன்னார்கள். எடுக்கவில்லை. உன்னிடம் வருவதாக இருந்தால் என்னிடம் சொல்லியிருப்பார், நானும்தானே கூட வருவேன். கோயிலுக்கு என்றாலும் சொல்லியிருப்பார். அவருக்கு வேறு ஊரில் ஆள் இல்லை, எனக்குத் தெரிந்து. பையில் மாற்றுத் துணி வைக்கிற கனம் இருந்தது அந்த அரிசி. யாரும் கையைப் பிடிக்காமல், ஒத்தையில, அந்த மனுஷன் எங்கடா போக இருந்தார்?